பதினோரு தொனியும் நாற்பத்தேழாம் பதிவும்

ஹலோ... ஹலோ மேடம், வணக்கம். வாஷிங் மெஷின் கம்பெனியிலேர்ந்து பேசறேன், குறை கேக்கற பிரிவு... வெச்சுடாதீங்க, வெச்சுடாதீங்க. விக்கறதுக்கு ஒண்ணும் இல்ல... சத்தியமா இல்ல. எங்க மெஷினைத்தான் நீங்க ஏற்கெனவே வாங்கிட்டீங்களே மேடம், அதுக்கு மேல உங்களை நாங்க என்ன செஞ்சிட முடியும்?

...ஆமா. ஆமா, ஆமா. டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்டச் சொல்லித் தர்ற மேடம்தானே?... ரொம்ப நல்லது. இப்ப வண்டியில இருக்கீங்களா?... வீட்டுலயா. அடுத்த கிளாஸ் அஞ்சரைக்கா. அப்ப ஒரு பத்து நிமிஷம்... சரி, அஞ்சு நிமிஷம்... மூணு நிமிஷம் மேடம். மூணே மூணு.

போன வாரம் செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒண்ணு இருவதுக்கு எங்களுக்கு போன் பண்ணியிருக்கீங்க. மெஷின் கதவு திறக்கலைன்னு... ஆமா... ஆமா... ஆமா மேடம், அந்த ஆள்தான்... அப்படியும் சொல்லலாம்... அந்த வார்த்தையை நான் எழுதிக்க முடியாது, ஆனா நீங்க சொல்ல வர்றது புரியுது.

நானா? நான் தொனி சோதகர் மேடம்... தொனி. பேசற விதம். அதாவது என்னன்னா, இங்க வர்ற போன் எல்லாம் பதிவாகும். ஒருத்தன் உக்காந்து அதைக் கேட்டு, எங்க ஆள் கஸ்டமர்கிட்ட எந்தத் தொனியில பேசினான்னு ஒரே ஒரு வார்த்தை எழுதணும். அந்த ஒருத்தன் நான். காலையில காலேஜ், மத்தியானம் தொனி... ஆமா மேடம், இதுக்கு சம்பளம் உண்டு. எங்க வீட்டுலயும் முதல்ல அதைத்தான் கேட்டாங்க.

ஒரு நிமிஷம் மேடம், லைன்லயே இருங்க.

டேய் ஜலதோஷம், பக்கத்துல நின்னு இளிக்காதடா. அந்த நாப்பத்தேழாம் பதிவுல பேசினது நான்தான்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், அந்தம்மாவுக்குத் தெரியாது. தெரியாம இருக்கறவரைக்கும்தான் எனக்கு வேலை... கேக்காதுடா, மைக்கைக் கையால மூடிட்டுத்தானே பேசறேன். போ, போய் மூக்கைச் சிந்து.

ஆங், மன்னிக்கணும் மேடம். இங்க ஒரு சின்ன அலுவலக விஷயம்... இல்ல இல்ல, ஒண்ணும் அவசரம் இல்ல. நீங்க ஏன் மேடம் சிரிக்கறீங்க?... சரி, சரி. சிரிப்பு நல்லதுதான்.

விஷயம் இதுதான். நீங்க பேசின அந்தப் போன் எங்க கணக்குல நாப்பத்தேழாம் பதிவு. அதுல எங்க ஆள் பேர் இருக்காது. குரலைக்கூட கம்ப்யூட்டர்ல போட்டுக் கனமாக்கிடுவாங்க. சோதிக்கறவன் தெரிஞ்சவனுக்கு சலுகை காட்டிடக் கூடாதுல்ல? பேர் தனியா ஒரு உறைக்குள்ள மேனேஜர்கிட்ட இருக்கும். நாப்பத்தேழுக்கு நான் போட்டது 'வள்'. பதினோரு தொனியில அதுதான் உச்சம். வள்ளுன்னு போட்டா ஆள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இன்னிக்கு அஞ்சு மணிக்கு மேனேஜர் உறையைப் பிரிப்பார். அதுக்கு முன்னாடி, போன் பண்ணின கஸ்டமரே 'அது வள் இல்ல, வேற'ன்னு தன் வாயால சொன்னா, நான் போட்டதை அடிச்சுட்டு அதை எழுதலாம். விதி இருக்கு. இப்ப மணி நாலு இருவது.

...நல்ல கேள்வி. அவன் வேலை போனா எனக்கென்னவா? அதாவது என்னன்னா... மனிதாபிமானம் மேடம்.

...ஆமா. தூரத்துப் பழக்கம். அடிக்கடி பாக்கறதில்ல... கண்ணாடி பாக்கறப்ப... இல்ல, கண்ணாடி போட்டிருப்பான்னு சொல்ல வந்தேன்.

...அன்னிக்கு அவனுக்குப் பல்வலி மேடம். அதான் அப்படிப் பேசிட்டான்... எந்தப் பல்லா? இடது பக்கம், கடைவாய்... அவங்க அம்மாவுக்கும் உடம்பு சரியில்ல... அவங்களுக்கும் பல்வலிதான். குடும்பத்துலயே பல் கொஞ்சம்... கல்யாணமா? ஆகல மேடம்... ஆமா, ஆகறதும் கஷ்டம்தான்... இப்ப வலி குறைஞ்சிருக்கு. அந்த வலது கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டாங்க... இடதுன்னா சொன்னேன்? ரெண்டையும் பிடுங்கிட்டாங்க மேடம். டாக்டர் கொஞ்சம் கறார்.

...பட்டியல் வேணுமா? படிக்கறேன். இதைத் தயார் பண்ணதே நான்தான்... இல்ல மேடம், பெருமைக்குச் சொல்லல. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான். முன்னாடி படிவத்துல 'கனிவு', 'கடுமை'ன்னு ரெண்டே கட்டம் இருந்துச்சு. காலேஜ் பத்திரிகையில நக்கல் கட்டுரை எழுதறவன் சும்மா இருப்பானா? மனுஷன் கடிக்கறதுல எத்தனை தினுசு இருக்கு, அத்தனையையும் ஒரே கட்டத்துல அடைக்கறது அநியாயம்னு மேனேஜர்கிட்ட சொன்னேன். சொன்னவனே எழுதிட்டு வான்னுட்டார். சிணுங்கல்ல ஆரம்பிச்சு வள்ளுல முடியும். மூணு வரைக்கும் மன்னிப்பு. அதுக்கு மேல எச்சரிக்கைக் கடிதம். பதினொண்ணுன்னா வாசல். மாசாமாசம் யாருக்கு என்ன தொனின்னு பேரோட தண்ணி கேனுக்கு மேல இருக்கற பலகையில ஒட்டுவாங்க... அந்த யோசனையும் என்னோடதுதான். இப்ப கேட்டா எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கு.

...சிடுசிடுக்கும் கடுகடுக்கும் என்ன வித்தியாசமா? ஆகா, கேக்க ஆள் வராதான்னு இருந்தேன். கடுகடு மூஞ்சியில இருக்கும் மேடம், சிடுசிடு வாயில வரும். கடுகடுன்னு இருக்கறவர் பேசவே வேண்டியதில்ல. எங்க பிரின்சிபால் போட்டோவுலகூட கடுகடுன்னுதான் இருப்பார். சிடுசிடுன்னா வாயைத் திறக்கணும். 'பேனா இருக்கா?'ன்னு கேப்பீங்க, 'இருக்கு, ஏன்?'னு வரும். அந்த 'ஏன்' இருக்கு பாருங்க, அதான் சிடுசிடு.

...வெடுக் வேற. வெடுக்குன்னா கையில இருக்கறதைப் பிடுங்கற மாதிரி, நீங்க பேச்சை முடிக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். எங்க அக்கா அதுல கைதேர்ந்தவ. 'அக்கா, உன் வண்டிச் சா...' 'தர மாட்டேன்.' அவ்வளவுதான்... ஆமா, 'சாவி' முழுசா சொன்னதே இல்ல நான் எங்க வீட்டுல.

சுள்ளுன்னா வெயில் மாதிரி, பட்ட உடனே உறைக்கும். எடுத்தெறிஞ்சு பேசறதுன்னா, எதிர்ல நிக்கறது ஆள்னே கணக்குல எடுத்துக்காத மாதிரி. எரிஞ்சு விழறதுன்னா, கோவம் ஒரு இடத்துல இருக்கும், விழற இடம் வேறயா இருக்கும். பஸ்ல நின்னுட்டே வந்தவர் வீட்டுக்கு வந்து செருப்பு மேல எரிஞ்சு விழுவாரே, அது.

நொணநொணப்பா? அது மூணாவது. சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்றது. அது பெரும்பாலும் கஸ்டமர்தான்... இல்ல மேடம்! உங்களைச் சொல்லல... நீங்க மூணே தடவைதான் சொன்னீங்க... நான் எண்ணல, பதிவுல இருக்கு.

...அப்படியா? உங்க ஸ்கூல்ல உங்களுக்கு என்ன பேர்?... 'ஹாரன் அக்கா'வா! காருக்குள்ள ரெண்டு ஹாரன்னு சொல்வாங்களா? நல்லா இருக்கு மேடம். போன மாசம் என்ன ஆச்சு?... கிளட்சை மிதின்னா பிரேக்கை மிதிச்சானா... ம்... ம்... நீங்க என்ன சொன்னீங்க?... ம்... அவனை மட்டும்தான் சொன்னீங்களா, அவன் அப்பாவையுமா?... மேடம், பதினோரு தொனியும் ஒரே வாக்கியத்துல வர்றதை நான் இப்பத்தான் கேக்கறேன். அவன் அழுதானா?... லைசென்ஸ் வாங்கிட்டானா. அது சரி.

ஒரு நிமிஷம் மேடம்.

என்னடா? எத்தனை தடவைடா என் தோளைச் சுரண்டுவ? மணி என்னன்னு எனக்குத் தெரியும்டா, கண்ணு இருக்கு! மேனேஜர் ரூம்லேர்ந்து வந்தா வரட்டும். ஒருத்தன் பேசிட்டிருக்கான்னு தெரியுதுல்ல? ஒரே விஷயத்தை மூணு தடவை சொன்னா கடிகாரம் நின்னுடுமா? போடா அந்தப் பக்கம்!

ஆங், சொல்லுங்க மேடம்.

...மேடம்?

...என்னது?

...'ஒரே விஷயத்தை மூணு தடவை சொன்னா மெஷின் திறந்துடுமா'ன்னு அன்னிக்கும்... ஆமா, அப்படித்தான் இருந்துச்சு பதிவுல. வாக்கியம் கொஞ்சம் ஒத்துப் போகுது. தற்செயல்தான்... இந்த ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான்...

...கேக்குதா?

கையால மூடினப்பவா?... காதுல மாட்டற மைக்கை மூடினா கேக்குமா?... ஆமா, மைக்குல சிவப்பு விளக்கு எரியுது. சிவப்புன்னா நின்னுடுச்சுன்னுதானே அர்த்தம்? நீங்க வண்டி ஓட்டச் சொல்லித் தர்றவங்க, சிவப்புன்னா என்ன மேடம்?... இங்க சிவப்புன்னா ஓடிட்டிருக்குன்னு அர்த்தமா. எட்டு மாசமா இந்த சீட்டுல உக்காந்திருக்கேன். எட்டு மாசமா கஸ்டமருங்களைச் சரிபாக்கக் கூப்பிடறப்ப நான் மூடிட்டுப் பேசினதெல்லாம்... ஐயோ. போன மாசம் ஒருத்தர் ரெண்டு மெஷினைத் திருப்பி அனுப்பினார். இப்பத்தான் காரணம் புரியுது.

அப்போ... முதல் தடவை மூடினதுலேர்ந்தா?... மூக்கைச் சிந்தச் சொன்னது வரைக்குமா? அப்போ அந்தப் பல்லு... எந்தப் பல்லுன்னு கேட்டதெல்லாம்... தெரிஞ்சே கேட்டீங்களா? கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டதும்?

...நியாயம்தான். நான் உங்க இடத்துல இருந்தா இன்னும் ரெண்டு பல்லைப் பிடுங்க வெச்சிருப்பேன்.

...சொல்றேன் மேடம். மறைக்க இனிமே என்ன இருக்கு? பதிவு ஆனா ஆகட்டும், அதைக் கேக்கப் போறதும் நான்தான். என்னைத் தவிர இங்க வேற யாருக்கும் பொறுமை கிடையாது.

அதாவது என்னன்னா... ஆமா, அதைத்தான் அன்னிக்கு பதினஞ்சு தடவை சொன்னேன். எண்ணிப் பாத்தாச்சு. என் வேலை பதிவைக் கேக்கறது மட்டும்தான், வர்ற போனை எடுக்கறது இல்ல. அன்னிக்கு மத்தியானம் ஜலதோஷம் சாப்பிடப் போனான். அவன் வந்து பக்கத்து சீட்டு, போன் எடுக்கறவன், வருஷம் பூரா மூக்கு ஒழுகும், அதான் பேர். போறப்ப 'ஒரு அரை மணி நேரம் பாத்துக்கடா'ன்னான். என் பேர்ல லாகின் பண்ணி உக்காந்தேன். நீங்க கூப்பிட்டீங்க.

நாலு நாள் கழிச்சு அது என் மேசைக்கு வந்துச்சு. எனக்கு ஞாபகமே இல்ல மேடம். கனமாக்கின குரல், ஐம்பது வயசு ஆள், உலகத்து மேலயே வெறுத்துப் போனவர் மாதிரி இருந்துச்சு. கேக்கக் கேக்க எனக்கு ரத்தம் கொதிக்குது. 'கதவு திறக்கலைன்னா தட்டிப் பாருங்க, உள்ள யாராச்சும் இருப்பாங்க'ன்றான். ஒரு பொம்பளை கஷ்டத்தைச் சொன்னா இப்படியா எகத்தாளம் பேசுவான், இவனை யாரு பெத்தாங்கன்னு நினைச்சேன்... ஆமா, எங்க அம்மாதான். கட்டத்துல வள்ளுன்னு போட்டேன். கீழ குறிப்பு எழுதற இடத்துல... எழுதினதைப் படிக்கணுமா?... பச்சை மை மேடம், எனக்கு மனப்பாடம். 'இந்தப் பிராணியை வாடிக்கையாளர்கள் பக்கம் அவிழ்த்துவிடுவது ஆபத்து. உடனே வெளியேற்றவும்.' உடனேக்கு அடியில ரெண்டு கோடு... நன்றி. நல்லா எழுதுவேன்னு எல்லாரும் சொல்வாங்க.

இன்னிக்கு மத்தியானம்தான் தெரிஞ்சுது. பதினொண்ணாம் தொனின்னா எப்படி இருக்கும்னு புதுசா வந்தவங்களுக்குக் காட்டணும்னு நானே அதைப் போட்டுக் காட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஜலதோஷமும் சிரிச்சான். அப்புறம் அவன் மட்டும் நிறுத்திட்டான். பதிவுல பின்னாடி யாரோ தும்மறாங்க. மூணு தும்மல், நாலாவது வர்ற மாதிரி வந்து வராமப் போயிடுது. அது இவனோட தும்மல் மேடம், ஊர்ல வேற யாருக்கும் அப்படி வராது. சாப்பிட எந்திரிச்சப்ப தும்மியிருக்கான். அப்ப இவன் சீட்டுல உக்காந்திருந்தது யாருன்னு ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

...ஏன் அப்படிப் பேசினேனா?

...காரணமே இல்லைன்னா நம்புவீங்களா? பல்லு நல்லாத்தான் இருக்கு. அம்மாவும் நல்லா இருக்காங்க. அன்னிக்கு காலையில காலேஜ்ல நகைச்சுவைக் கட்டுரைப் போட்டி முடிவு வந்துச்சு. எனக்கு ரெண்டாம் பரிசு... ஆமா, அவ்வளவுதான் காரணம். முதல் பரிசு வாங்கினவன் குடையைத் தொலைச்சதைப் பத்தி எழுதியிருந்தான். குடை மேடம். குடையில என்ன நகைச்சுவை?... ஆமா, எரிஞ்சு விழறதுதான். குடை மேல வந்த கோவம் உங்க மேல விழுந்துடுச்சு.

சிரிங்க, சிரிங்க... போதும் மேடம், ஜலதோஷத்துக்கும் கேக்குது.

அது சரி, மெஷின் இப்ப நல்லா ஓடுதுல்ல? கதவு...

...திறக்கலையா? இன்னுமா? யாரும் வரலையா? மறுபடி போன் பண்ணலையா?... அந்த ஆளே எடுத்துடுவான்னா... மெக்கானிக் வந்திருக்கணுமே, நாலு நாளுக்குள்ள வரணும்னு விதி... இருங்க. புகார் எண் என்ன குடுத்தேன்?... குடுக்கலையா? இருங்க, திரையில பாக்கறேன்... நாப்பத்தாறுக்கு எண் இருக்கு. நாப்பத்தெட்டுக்கு இருக்கு.

...

இல்ல மேடம். நாப்பத்தேழுக்கு இல்ல.

நான் புகாரைப் பதியவே இல்ல. பேச்சுல ஜெயிச்ச சந்தோஷத்துல மறந்துட்டேன்போல... ஆமா. அன்னிக்கு நீங்க போனை வெச்சதும், ஜலதோஷம் சீட்டுல நான் ஒரு சுத்து சுத்தினேன். அது மட்டும் ஞாபகம் இருக்கு.

உள்ள என்ன இருக்கு?... ரெண்டு செட் யூனிஃபார்மும் அதுலயா. எட்டு நாளா... அப்ப வேலைக்கு எதைப் போட்டுக்கிட்டுப் போறீங்க?... வீட்டுக்காரர் சட்டையா. கிளாஸ்ல எல்லாரும்... 'சார்'னு கூப்பிடறாங்களா... சிரிக்கல மேடம். நான் சிரிக்கல. நேத்து ஓனர் கூப்பிட்டு என்ன சொன்னார்?... நாளைக்கும் யூனிஃபார்ம் இல்லாம வந்தா வண்டிச் சாவி வேற ஆளுக்குன்னாரா?... நாளைக்கா?

மேடம்... அக்கா. அக்கான்னு கூப்பிடலாமா?... நன்றிக்கா. என் விஷயத்தை விடுங்க. இப்ப நேரா மெஷின்கிட்ட போங்க. பிளக் போட்டிருக்கா?... கழட்டியே வெச்சிருக்கீங்களா, நல்லது. கீழ, வலது பக்கம் மூலையில, ஒரு சின்ன மூடி தெரியும், உள்ளங்கை அகலம். ஒரு ஸ்பூனை விட்டு நெம்புங்க... வராத மாதிரி இருக்கும், வரும்... வந்துச்சா? உள்ள ஒரு வட்டத் திருகு இருக்கும். தொடாதீங்க! முதல்ல ஒரு தட்டு, அகலத் தட்டு, அடியில வைங்க. துணியும் போடுங்க. மெஷின்ல தண்ணி நிக்குது, அதான் கதவு பிடிச்சிட்டிருக்கு. இப்ப மெதுவா... மெதுவா, கால் சுத்து மட்டும்...

...

மெதுவான்னு சொன்னேன்க்கா... ஆமா, நான்தான் சொன்னேன், எவ்வளவு மெதுவான்னு சொல்லல... ஆமா, தப்பு என்னோடதுதான்... ஆமா, எனக்கும் காலேஜுக்கும் அறிவு வேணும்... ம்... ம்... அப்பாவை விட்டுடுங்கக்கா, அவர் ரொம்ப அமைதியானவர்.

கிளட்சுக்குப் பதிலா பிரேக்கை மிதிச்சவன் எப்படி உக்காந்திருப்பான்னு இப்ப தெரியுதுக்கா.

நின்னுடுச்சா தண்ணி? இப்ப அந்தத் திருகுக்குப் பக்கத்துல, விரலை விட்டுத் தடவினா, ஒரு ஆரஞ்சுக் கயிறு, காதுல மாட்டற வளையம் மாதிரி சின்னதா தொங்கும்... தேடுங்க... கொஞ்சம் மேல... அதேதான். அதைக் கீழ் நோக்கி இழுங்க. பயப்படாதீங்க, அறுந்து போகாது. ஸ்டியரிங்கைப் பிடிக்கற மாதிரி நெனச்சுக்கிட்டு... சரிக்கா, உவமை வேண்டாம். இழுங்க.

...

கேட்டுது! எனக்கே கேட்டுதுக்கா, 'டக்'குன்னு! டேய் ஜலதோஷம், திறந்துடுச்சுடா!... ஆமா, மூடலக்கா, அவனுக்கு நேராத்தான் சொன்னேன்.

...நாறுதா. எட்டு நாள் ஈரத்துணி, நாறத்தான் செய்யும். அந்தத் திருகை இறுக்கி மூடிட்டு, வெந்நீர்ல ஒரு தடவை, அப்புறம் சாதாரணமா ரெண்டு தடவை போடுங்க. காலைக்குள்ள ஃபேன்ல காஞ்சிடும். மெக்கானிக்குக்கும் எழுதிட்டேன், நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வந்து பூட்டைப் பாத்துடுவார். புகார் எண்ணை எழுதிக்கங்க... ஆமா, இந்தத் தடவை குடுக்கறேன்...

கடிகாரத்தைப் பாத்தேன்க்கா. கதவைத் திறக்க நாலு நிமிஷம் ஆச்சு. அன்னிக்கு நான் பேசினது ஆறு நிமிஷம்.

...

இல்ல, ஒண்ணும் இல்ல. மூக்கு... இவன்கிட்டேர்ந்து ஒட்டிக்கிச்சு.

அக்கா, உங்களுக்கு ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் அதற்கு எங்கள் நிறுவனம்... சரி. நிறுவனம் வேண்டாம்... 'ஏற்பட்டிருந்தால்' இல்ல, ஏற்பட்டுச்சு... ஏற்பட்டுச்சும் இல்லையா? ஆமா. நான் பண்ணினேன். மன்னிச்சிருங்கக்கா... இவ்வளவு சின்ன வாக்கியமா அது?

மணி நாலு அம்பது. அந்த 'வள்' இருக்கட்டும்க்கா. நானே போட்டது, பச்சை மையில போட்டது. உங்களைக் கேக்கக் கூப்பிட்டதே அசிங்கமா இருக்கு இப்ப. வேலை போனா போகட்டும்...

...சொல்றீங்களா? எனக்காகவா? பதிவுக்காக உங்க பேரைச் சொல்லி, பேசினவரோட தொனி இன்னதுன்னு... ஆமா, ஒரே வார்த்தை. பேனா எடுத்துட்டேன். சொல்லுங்க.

...

என்னது?

...சிணுங்கலா?

அக்கா... அது முதல் தொனிக்கா. அதுக்குக் கீழ ஒண்ணுமே கிடையாது. அது மூணு வயசுக் குழந்தை பலூனுக்குப் பண்றது... ஆமா, குடைக்குப் பரிசு குடுத்துட்டாங்கன்னு நான் பண்ணினது அதுதான், ஒத்துக்கறேன். ஆனா வெளியில அது வள்ளுன்னுதானே கேட்டுது? பாதி ஆபீஸே கேட்டு மிரண்டுச்சு... உங்க கிளாஸுக்கு வந்து பாத்தா உண்மையான வள் எதுன்னு தெரியுமா... ஆமா, அதோட ஒப்பிட்டா நான்... சரி.

ஒரு யோசனைக்கா. 'வெடுக்'? ஆறாவதுதான். எச்சரிக்கைக் கடிதம் வரும், பரவாயில்ல, வாங்கிக்கறேன். இல்ல, 'சிடுசிடு'வாவது? அதுல ஒரு கௌரவம் இருக்குக்கா. நாளைக்குப் பலகையில ஒட்டுவாங்க. என் பேர், பக்கத்துல சிணுங்கல். ஒரு மாசம் இருக்கும். தண்ணி குடிக்க வர்றவன் எல்லாம் படிப்பான். காலேஜ்ல எனக்கு நக்கல் மன்னன்னு பேரு... நானே வெச்சுக்கிட்டதுதான். இருந்தாலும்...

...எழுதறியா, வள்ளே இருக்கட்டுமான்னு கேட்டா எப்படிக்கா?

...

எழுதறேன்.

வள்ளை அடிச்சாச்சு. சி... ணுங்... கல். கஸ்டமர் வாய்மொழி. தேதி. கையெழுத்து. டேய், மேனேஜர் ரூம்ல வைடா. உறையைக் கையில எடுத்துட்டாரா?... ஓடு. எட்டிப் படிக்காதடா! படிச்சுட்டான்க்கா. தும்மிக்கிட்டே சிரிக்கறான்.

...வேலை இருக்குக்கா. மானம்தான் போச்சு... ஆமா, வேலை அளவுக்கு அது எனக்கு உதவினதில்லதான்.

அக்கா, வெக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. இந்தப் போனும் பதிவாயிருக்கு. நாளைக்குக் குரலைக் கனமாக்கி என் மேசைக்குத்தான் வரும். கஸ்டமருக்கெல்லாம் கட்டம் கிடையாது, சும்மா என் ஆசைக்குக் கேக்கறேன். இன்னிக்கு நீங்க என்கிட்ட பேசினதுக்கு என்ன வார்த்தை போடலாம்? சுள்ளா? வெடுக்கா? நீங்களே பாத்துச் சொல்லுங்க, பதினொண்ணையும் முதல்லேர்ந்து படிக்கறேன். ஒண்ணு, சிணுங்கல். அது எனக்குப் போயிடுச்சு. ரெண்டு, முணுமுணுப்பு. மூணாவது... அக்கா?

...ஹலோ?

...ஹலோ?

வெச்சுட்டாங்கடா. பட்டுன்னு வெச்சுட்டாங்க.

...'பட்' பட்டியல்லயே இல்லையேடா.